ஜன்னலோர சீட்டில் ஒரு மஞ்சள் பொட்டு

சனிக்கிழமைக் காலைகளில் சான் ரமோனில் என் வயதுப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். கோவிலில் மாலை கட்டுவார்கள். பேரப்பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போவார்கள். யார் வீட்டிலாவது கூடி, யாருடைய மருமகள் சரியில்லை என்று முடிவு செய்வார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் வடக்கே ஓட்டி, காய்ந்த புல்மேடுகளுக்கும் காற்றாலைகளுக்கும் நடுவே இருக்கும் ஒரு ரயில் மியூசியத்துக்குப் போய், ஓய்வு பெற்ற ரயில் பெட்டி ஒன்றைத் துடைக்கிறேன்.

"ஏன் அக்கா, வீட்ல தொடைக்கறதுக்கு எதுவும் இல்லையா?" என்று பக்கத்து வீட்டுத் தோழி கேட்டாள். இருக்கிறது. நான்கு படுக்கையறை வீடு, ஒரே ஆள். துடைத்த இடத்தை மறுபடி அழுக்காக்க ஆளில்லை, அதுதான் பிரச்சினை. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்று சாயங்காலமே சாம்பார் கொண்டுவந்து நிற்பாள்.

அது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு அடியில் சுரங்கத்தில் ஓடிய எங்கள் ஊர் ரயில். அரை நூற்றாண்டு ஓடியது. புது வண்டிகள் வந்ததும் பழைய பெட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்துப் போடக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்சத்தை மட்டும் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் அதை மலைப்பக்கம் கொண்டுபோய் வாடகை வீடாக்கினாராம். இன்னொருவர் மதுக்கடை வைக்கப்போகிறாராம். ஒன்று இந்த மியூசியத்துக்கு வருகிறது, அதைப் பழையபடி ஆக்க ஆட்கள் தேவை என்ற செய்தியைப் படித்தபோது என் கணவர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வாரமே பெயர் கொடுத்துவிட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் போனது இதே பெட்டியிலயா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெரியாது. எந்த நாள் எந்தப் பெட்டி வரும் என்று யார் கண்டார்கள்? இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது இது வந்திருக்கும். அதற்கு மேல் துருவிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

இருவருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் வேலை. அவர் ஒரு பேங்கில், நான் இரண்டு தெரு தள்ளி ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில். இரண்டும் கம்ப்யூட்டர் வேலைதான். எங்கள் பக்கத்து ஊரான டப்ளின் ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டு ஏறுவோம். வண்டி கிளம்புகிற இடம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். கதவுக்குப் பக்கத்து ஜோடி சீட். ஜன்னலோரம் அவர், நடைபாதைப் பக்கம் நான். முதல் நாள் எப்படியோ அப்படி அமைந்தது, பிறகு மாறவேயில்லை.

வீட்டில் பேச எங்கே நேரம்? பையன் இருப்பான், அவனுடைய ஹோம்வொர்க் இருக்கும், ஆறு மாதம் ஊரிலிருந்து வந்து தங்கும் மாமியார் இருப்பார். எங்கள் குடித்தனம் நடந்தது அந்த ரயிலில்தான். சண்டை, சமாதானம், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போவது, பையன் ஏன் தமிழில் பதில் சொல்ல மாட்டேன் என்கிறான், எல்லாம் அங்கேதான். தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். ஒரு நாள் நான் அவரை ஆசை தீரத் திட்டி முடித்து எழுந்தபோது, முன் சீட்டில் காதில் ஹெட்போனோடு இருந்த ஓர் ஆள் எழுந்து, "ஆன்ட்டி, கொஞ்சம் வழி விடறீங்களா, நானும் இறங்கணும்" என்றான். அவர் அன்று நாள் முழுக்க ஆபீசில் சிரித்துக்கொண்டிருந்ததாகச் சாயங்காலம் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

பேசுவது நான், 'ம்' கொட்டுவது அவர். ஓக்லாந்தைத் தாண்டி வண்டி கடலுக்கடியில் இறங்கும்போது சக்கரமும் தண்டவாளமும் உரசி ஓர் அலறல் கிளம்பும். பயணிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் நிறுத்த மாட்டேன், குரலை உயர்த்துவேன். சரியாக அந்த நேரம் பார்த்து அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். வெளியே ஒன்றும் கிடையாது. சுரங்கச் சுவர், கும்மிருட்டு.

"நான் இங்க தொண்ட கிழியக் கத்திக்கிட்டிருக்கேன். அந்த இருட்டுல அப்படி என்னதான் பாக்கறீங்க?"

"நீ பாட்டுக்குச் சொல்லு" என்பார்.

இது ஒரு பதிலா? தினமும் எனக்கு அதில் எரிச்சல் வரும். நகரம் வந்து வெளிச்சம் வந்ததும் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி, "அப்புறம்?" என்பார்.

அந்த ரயிலைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. எந்த வீட்டுக் கொலுவுக்குப் போனாலும், எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும், சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு யாரையாவது பிடித்துச் சொல்வார்: "இந்த ரயிலோட தண்டவாளம் இருக்கே, அப்படியே நம்ம ஊர் பிராட் கேஜ் அகலம். அமெரிக்காவுல வேற ரயிலுக்குக் கிடையாது." என்னமோ தானே போய் அளந்து போட்டது மாதிரி சொல்வார். கேட்கிறவர்கள் அப்படியா என்று சொல்லிவிட்டு வீட்டு விலையைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள்.

மியூசியத்துக்கு வந்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அங்கே உள்ள மற்றப் பழைய வண்டிகளுக்கெல்லாம் ஒரே அகலத்தில் தண்டவாளம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு புல்வெளிக்குள் ஒரு சுற்று போய்வருகின்றன. இது மட்டும் அகலம் என்பதால் ஷெட்டுக்குள் துண்டுத் தண்டவாளம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அதன் நீளம் பெட்டியின் நீளம்தான். சென்னை சென்ட்ரலில் இறக்கிவிட்டால் நிற்கும், இங்கே ஓர் அடி நகராது. இதை முதல் நாள் பார்த்தபோது, வீட்டுக்குப் போனதும் அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

பெட்டிக்குப் பொறுப்பாளர் ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டர். வெள்ளைக்காரர், எழுபது தாண்டியவர், மனைவி இல்லை. ஸ்குரூவைக் கழற்றும்போதுகூடக் கழுத்தில் டார்ச்சைத் தொங்கவிட்டு, வாயைத் திற என்று சொல்லப்போகிறவர் போலக் குனிவார். அவரிடம் ஒரே சட்டம்தான். ஓடிய காலத்தில் இந்தப் பெட்டியில் இருந்தது எதுவோ அது இருக்கலாம். பிறகு வந்தது எதுவும் இருக்கக் கூடாது. கதவுக் கைப்பிடியில் பயணிகளின் கை பட்டுத் தேய்ந்த இடத்தை ஒரு வாலண்டியர் அழகாக இருக்கட்டும் என்று பாலிஷ் போட்டுப் பளபளக்க வைத்துவிட்டார். அந்த மனிதரை அன்றோடு எங்கள் பெட்டியிலிருந்து நீக்கி, டிக்கெட் கிழிக்க அனுப்பினார். "அந்தத் தேய்மானத்தைச் செய்ய அரை நூற்றாண்டு ஆயிற்று. நீங்கள் அரை மணி நேரத்தில் அழித்துவிட்டீர்கள்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

எங்கள் காலத்தில் பாதி வருடங்கள் அந்த ரயிலில் துணி சீட். நீலத்தில் மெத்தென்று கம்பளித் துணி. மழைக்காலத்தில் நனைந்த நாய் வாடை வரும், ஆனாலும் சொகுசு. பிறகு துடைக்கச் சுலபம் என்று வழவழப்பான பிளாஸ்டிக் உறை போட்டார்கள். பெட்டியைத் துணிக் காலத்துக்கே திருப்புவது என்று குழு முடிவு செய்தது. ஆனால் அந்தத் துணியை நெய்வது எப்போதோ நின்றுவிட்டது. எங்கோ ஒரு கிடங்கில் உபயோகிக்காத சுருள் ஒன்று அகப்பட்டது. அது நாலைந்து ஜோடி சீட்டுக்குத்தான் காணும். தையல் எனக்கு வரும் என்பதால் வெட்டுவதையும் தைப்பதையும் என்னிடம் கொடுத்தார்கள். முதல் ஜோடி எது என்று டாக்டர் கேட்டபோது, கதவுக்குப் பக்கத்து ஜோடி என்றேன். ஏன் என்றார். பார்க்க வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான் என்றேன். அதுவும் உண்மைதான்.

அந்த ஜோடியைப் பொருத்திய நாளிலிருந்து, வேலை முடிந்து மற்றவர்கள் கை கழுவப் போனதும் நான் என் இடத்தில் உட்காருவேன். நடைபாதைப் பக்கம். ஜன்னலோரத்தைக் காலியாக விட்டுவிட்டு அந்த வாரத்துச் செய்தியை மெதுவாகச் சொல்வேன். கூரையில் ஒழுகுகிறது, மூன்றாவது வீட்டுக்காரர்கள் டெக்ஸஸுக்குப் போகிறார்கள், எனக்கு முட்டி வலி. 'ம்' கொட்ட ஆளில்லை. ஆனாலும் வாரத்தில் அந்தப் பத்து நிமிஷம்தான் நான் மனம் விட்டுத் தமிழ் பேசும் நேரம். மற்ற நாட்களில் வீட்டில் ரேடியோ பேசும், நான் கேட்பேன்.

டெக்ஸஸ் என்றதும் மகனைச் சொல்ல வேண்டும். அங்கே ரிச்சர்ட்சன் என்ற ஊரில் இருக்கிறான். போன வருடம் கீழ்த்தளத்தில் தனி அறை, தனி பாத்ரூம் என்று எனக்காகவே பார்த்து ஒரு வீடு வாங்கினான். நல்ல பிள்ளை. வாரா வாரம் போன் செய்வான்.

"மா, யூ ஆர் ஆல் அலோன் தேர். வீட்டை வித்துட்டு வந்துடு மா."

"எனக்குச் சனிக்கிழமை வேல இருக்குடா."

"மா, இட்ஸ் எ டிரெயின். இட் டஸன்ட் ஈவன் மூவ்."

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நான் அங்கே போகும்போது முடிவு சொல்லச் சொன்னான்.

இப்படியிருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது. அது எங்கள் வீட்டில் அவருடைய பண்டிகை. வருடத்தில் மற்ற எந்த நாளும் பூஜையறைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர், அன்றைக்கு மட்டும் சந்தனமும் குங்குமமுமாக வீட்டைச் சுற்றி வருவார். கார், லேப்டாப், டிரில் மெஷின், பையனின் கால்குலேட்டர், எதையும் விட மாட்டார். ஒரு வருடம் ரயில் டிக்கெட்டுக்கும் வைத்துவிட்டார். அப்போதெல்லாம் காகித டிக்கெட், பின்னால் கறுப்புப் பட்டையோடு இருக்கும். மறுநாள் டப்ளின் ஸ்டேஷனில் அதைச் செருகினார், நுழைவுக் கதவு அதை விழுங்கிவிட்டுத் திறக்க மாட்டேன் என்றது. பின்னால் ஆபீஸ் கூட்டம் உச்சுக்கொட்டிக்கொண்டு நிற்கிறது. ஊழியர் வந்து மூடியைத் திறந்து, சந்தனத்தில் ஒட்டிக்கொண்டிருந்த டிக்கெட்டை இரண்டு விரலால் உரித்து எடுத்து, முகர்ந்து பார்த்தார். "நல்ல வாசனை" என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார். நான் வெட்கத்தில் யாரோ போல முன்னால் நடந்தேன்.

அவர் போன பிறகு நான் ஆயுத பூஜை செய்யவில்லை. இந்த முறை அது சனிக்கிழமையில் வந்தது. மியூசியத்தில் என் டூல் பாக்ஸ் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. வீட்டில் தேடினால் சந்தனம் தீர்ந்திருந்தது. சரி, மஞ்சள் போதும் என்று கொஞ்சம் குழைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டேன். ஒரு எலுமிச்சம்பழமும் குங்குமமும்.

மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் ஆரம்பித்தேன். டூல் பாக்ஸுக்கு ஒரு பொட்டு. பெட்டியின் முகப்பு அலுமினியத்தில் ஒன்று, பிறகு துடைத்துவிடலாம். சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் எலுமிச்சம்பழம். நகராத வண்டி எலுமிச்சம்பழத்தை எப்படி நசுக்கும் என்று நானே சிரித்துக்கொண்டேன். பிறகு உள்ளே ஏறினேன். கை மஞ்சளோடு அந்த ஜோடி சீட்டுக்கு முன்னால் நின்றேன். துணியில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? அந்தத் துணியை வெட்டியவளே நான்தான். தெரிந்தேதான் வைத்தேன். ஜன்னலோர சீட்டின் முதுகில், மேலே, அவர் தலை சாய்த்திருந்த இடத்தில் சின்னதாக ஒரு பொட்டு.

டாக்டர் சீக்கிரம் திரும்பிவிட்டார். கழுத்து டார்ச்சை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"கடுகு சாஸ்" என்றார். "யாரோ இங்கே ஹாட் டாக் தின்றிருக்கிறார்கள்."

நான் வாயைத் திறப்பதற்குள் இடுப்பிலிருந்த நுரை பாட்டிலை எடுத்து அடித்துவிட்டார். சோப்பு நுரை. மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும்? ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிற மாதிரி, அந்தப் பொட்டு அவர் கண் முன்னால் சிவந்தது. நுரையோடு சேர்ந்து சீட்டின் முதுகில் ரத்தமாக வழிந்தது. அவர் பின்னால் தாவி, முதலில் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாத நேரத்தில் வருவதுதான் என் சிரிப்பு.

"ஒரு நிமிஷம்" என்று இறங்கி ஓடி, தண்டவாளத்தின் மேலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்தேன். டூல் பாக்ஸிலிருந்த கத்தியால் வெட்டி, பஞ்சில் பிழிந்து ஒற்றினேன். சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சளாயிற்று. அவருக்கு அது வித்தை மாதிரி இருந்தது. ஆனால் மஞ்சள் போகவில்லை. முதலில் ஒரு பொட்டாக இருந்தது இப்போது உள்ளங்கை அகலம். சந்தனமாக இருந்திருந்தால் காய்ந்ததும் தட்டி விட்டிருக்கலாம்.

"இது நீங்கள் வைத்ததா?"

"ஆமாம்."

"தெரியாமல் பட்டதா?"

"இல்லை. நான்தான் வைத்தேன்."

அவர் சீட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்தத் துணி இனிமேல் கிடையாது" என்று அதனிடம் சொல்வது போலச் சொன்னார். அது எனக்கும் தெரியும். கைப்பிடிக்குப் பாலிஷ் போட்டவரின் ஞாபகம் இருவருக்குமே வந்திருக்க வேண்டும். இவர் அந்த மனிதரை நீக்கியது தெரியாமல் செய்த தப்புக்கு. நான் தெரிந்தே செய்திருக்கிறேன். என்னையும் டிக்கெட் கிழிக்க அனுப்பிவிட்டால் என் இடம் போயிற்று, சனிக்கிழமை போயிற்று. பிறகு மகனிடம் மாட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இருக்காது.

"வெயிலில் வைத்தால் மஞ்சள் போகும்" என்றேன். "எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்."

"துணியின் நீலமும் சேர்ந்து போகும்."

"மற்ற இடத்தை மூடிவிடலாம். கறையை மட்டும் வெயிலில் காட்டலாம்."

டார்ச்சை அணைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம் என்றார். போனால் சரி. போகாவிட்டால் குழு பேசும். இன்னொன்று, பெட்டியின் எந்தப் பாகத்தையும் வெளியே தனியாக விடக் கூடாது என்பது மியூசியத்தின் விதி. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

அந்த ஆள் நான்தான். அந்த வாரம் முழுக்கத் தினமும் ஓட்டிக்கொண்டு போனேன். சீட்டின் முதுகைத் தனியாகக் கழற்றி, கறையின் அளவுக்கு ஓட்டை போட்ட அட்டையால் மூடி, ஷெட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் சாய்த்து வைத்தேன். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு நான். வார நாளில் மியூசியத்துக்கு யாரும் வருவதில்லை. காற்று ஓயாமல் அடித்தது. வெயில் நகர நகர பெஞ்சை நகர்த்துவேன், பிறகு நாற்காலியை நகர்த்துவேன். காலேஜ் காலத்தில் மொட்டை மாடியில் வடாம் காவல் காத்ததற்குப் பிறகு இப்படி உட்கார்ந்ததில்லை. அங்கே காக்காயாவது வரும்.

கறை குறைந்ததா என்று அட்டையைத் தூக்கிப் பார்ப்பேன். குறைந்தது. குறையக் குறைய எனக்குச் சந்தோஷம் வரவில்லை. போகாவிட்டால் என் இடம் போய்விடும், போனால் அவருக்கு வைத்த பொட்டு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். மகன் போன் செய்தபோது வீட்டில் இருப்பதாகச் சொன்னேன். பின்னால் காற்றுச் சத்தம் என்ன என்று கேட்டான். ஃபேன் என்றேன்.

வியாழக்கிழமை டாக்டர் பிளாஸ்கில் காப்பியோடு வந்தார். பழைய பெயின்ட் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சீட்டிலிருந்த கறையைக் கைகாட்டினார்.

"அது என்ன, எதற்கு?" என்று கேட்டார்.

சொன்னேன். ஆயுத பூஜை, கார், கால்குலேட்டர், கதவு விழுங்கிய டிக்கெட். டிக்கெட் கதைக்கு நன்றாகச் சிரித்தார். அந்த வேகத்தில் மற்றதையும் சொல்லிவிட்டேன். டிக்கெட் மாட்டிக்கொண்டதற்கு அடுத்த வருடம் என் கணவர் ஒரு துண்டு அலுமினியத் தாளில் சந்தனத்தை மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்தார். வண்டி கிளம்பியதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு பொட்டு வைத்தார். "போலீஸ் புடிச்சுக்கிட்டுப் போகப்போறாங்க" என்று நான் பல்லைக் கடித்தேன். "தெனமும் நம்மளச் சுமக்குது, அதுக்கு ஒரு பொட்டு கூடாதா?" என்றார். அதற்குப் பிறகு வருடா வருடம் வைத்தார். மறுநாள் வேறு பெட்டி வரும், பொட்டு எங்கேயோ போயிருக்கும்.

டாக்டர் காப்பியைக் கீழே வைத்தார்.

"வண்டி ஓடிய காலத்திலா?"

"ஆமாம்."

"சீட்டிலா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஓடிய காலத்தில் இருந்தது இருக்கலாம், அதுதானே அவர் சட்டம். கறையை அப்படியே விட்டுவிடுவார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் என் கணவர் வைத்த இடம் அதுவல்ல.

"இல்லை. சீட்டில் வைத்ததேயில்லை. ஜன்னலுக்குக் கீழே."

தலையை ஆட்டினார். "அப்படியென்றால் இது போகத்தான் வேண்டும்" என்றார். பெஞ்சை அவரே வெயிலுக்கு நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமைக்குள் போய்விட்டது. தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால் ஒரு வெளிறல் இருக்கும். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "சரி" என்றார். சீட்டைத் திரும்பப் பொருத்தினோம். நான் கை கழுவப் போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஜன்னலுக்குக் கீழே இருந்தது இருக்கலாம்" என்றார். "ஒன்று மட்டும். சரியான பொருளைக் கொண்டுவாருங்கள், மறுபடி அந்த மஞ்சள் வேண்டாம்."

அன்று வீட்டுக்கு வந்ததும் மகனுக்கு நானே போன் செய்தேன். தேங்க்ஸ்கிவிங்குக்கு வருகிறேன், நாலு நாள் இருப்பேன், திரும்பிவிடுவேன் என்றேன். "ஓகே மா" என்றான். அவனுக்கு வருத்தம்தான். எனக்கும்தான்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பருவத்தின் முதல் மழை. சாரல் அடிக்காமலிருக்க ஷெட் கதவுகளை இழுத்து மூடியிருந்தோம். பகலிலேயே வெளியே ஒன்றும் தெரியவில்லை. பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. விளக்குகளுக்கு மின்சார இணைப்பு கொடுத்தது அந்த மாதம்தான். வீட்டிலிருந்து சந்தனக் கட்டையை உரைத்துக் குழம்பாக எடுத்துப் போயிருந்தேன், அவர் செய்த மாதிரியே அலுமினியத் தாளில் மடித்து. நடைபாதைப் பக்கம் நின்று குனிந்தால் ஜன்னலுக்குக் கீழே கை எட்டவில்லை. சீட்டில் முட்டி போடவும் மனம் வரவில்லை.

"உட்காருங்கள்" என்றார் டாக்டர். "சீட் உட்காரத்தானே?"

ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தேன். என் கணவர் இருந்தபோதும் நான் அங்கே உட்கார்ந்ததில்லை, போன பிறகும் உட்கார்ந்ததில்லை. குனிந்து சுவரில் பொட்டை வைத்தேன். விரலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

வெளியே ஷெட்டின் இருட்டு, உள்ளே விளக்கு. ஜன்னல் முழுக்கக் கண்ணாடியாக இருந்தது. ஓரத்தில் என் பாதி முகம். அதைத் தாண்டி, நடுவில், தெளிவாகப் பக்கத்து சீட்.

சுரங்கத்திலும் இப்படித்தானே இருந்திருக்கும். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. அந்த இருட்டில் அப்படி என்ன பார்க்கிறீர்கள் என்று அவரை நான் எத்தனை வருடம் கேட்டேன்! கை கால் ஆட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் காதில் விழாத அலறலில், விடாமல் பேசிக்கொண்டிருந்த என்னை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நேராகத் திரும்பிப் பார்த்திருந்தால் 'என்ன முறைக்கிறீர்கள்' என்று அதற்கும் ஒரு சண்டை பிடித்திருப்பேன். அவருக்கு என்னைத் தெரியும்.

அழுதேன். டாக்டர் எதையோ எடுத்துவரப் போவது போல இறங்கிப் போய்விட்டார். கூரையில் மழை சத்தமாகப் பெய்தது. எதையாவது சொல்லலாம் என்று கண்ணாடியைப் பார்த்தேன், அந்த வாரத்துச் செய்தி ஒன்றுகூட வாயில் வரவில்லை. கண்ணாடியில் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அது என் சீட்.